புழு சுருங்கிய நாள்: வாசகர் கேள்வி – பதில்

கறிவேப்பிலைச் செடியில் வளரும் பட்டாம்பூச்சிப் புழுக்களை வகுப்பறையில் வைத்துப் பார்ப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு கடலூர்ப் பக்கமிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைத்தான் கேட்டன. புழுவை எப்படி அளப்பது, அளந்த எண்ணை எவ்வளவு நம்புவது என்பதே அந்தப் பொருள். ஆகவே இந்த இதழின் பதில்கள் அனைத்தையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பம் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு நடத்துகிறேன். தீபாவளி விடுமுறை முடிந்ததும், பள்ளித் தோட்டத்துக் கறிவேப்பிலையில் கிடைத்த 3 புழுக்களைக் கொண்டுவந்து வளர்த்தோம். நாள்தோறும் இறைவணக்கம் முடிந்தவுடன் பிள்ளைகள் முறைவைத்து அளந்து கரும்பலகையின் ஓரத்தில் எழுதினார்கள். ஒரு புழு புதன்கிழமை 14 மி.மீ. இருந்தது. வியாழக்கிழமை அளந்த மாணவி 13 என்று எழுதினாள். வளருகிற உயிர் எப்படிக் குறையும் என்று எண்ணி, அளவுகோலைச் சரியாக வைக்கவில்லை என்று சொல்லி, 15 என்று திருத்தச் செய்தேன். அவள் மறுத்துப் பேசவில்லை, ஆனால் முகம் வாடிவிட்டது. வெள்ளிக்கிழமை 16 வந்தது. அன்றிலிருந்து மனம் உறுத்துகிறது. நான் செய்தது சரியா?
(ஓர் ஆசிரியை, கடலூர்)

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு, அந்தப் பெண் பெரும்பாலும் சரியாகத்தான் அளந்திருக்கிறாள். புதன் 14, வியாழன் 13, வெள்ளி 16 என்ற வரிசையைப் படித்தவுடன், உங்கள் புழு வியாழக்கிழமை தோல் உரிக்கத் தயாராகி அசையாமல் இருந்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியது. அன்று காலை அது இலையைத் தொடாமல் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததா, பெட்டியின் அடியில் எச்சம் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்ததா என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். நமக்கு நினைவில்லாததும் அவர்களுக்கு நினைவிருக்கும்.

நம் தோல் நாம் வளர வளரத் தானும் வளர்ந்துகொண்டே வருகிறது. புழுவின் தோல் அப்படிப்பட்டதன்று. பிறந்தபோது தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டே வளரும் குழந்தையைப் போல, புழு தன் தோலின் மடிப்புகள் விரிகிற வரைக்கும் தின்று பருக்கிறது. மடிப்புகள் எல்லாம் விரிந்து தோல் இறுகியதும் தின்பதை நிறுத்துகிறது. இலையின் மேலோ காம்பின் மேலோ வாயிலிருந்து மெல்லிய பட்டு இழைகளை விட்டுச் சிறு மெத்தைபோல் நெய்து, அதில் கால் கொக்கிகளை மாட்டிக்கொண்டு, ஏறக்குறைய ஒரு நாள் அசையாமல் கிடக்கிறது. அந்த நேரத்தில் குடல் வெறுமையாகிறது, உடல் உள்ளிழுத்துக்கொள்கிறது, பழைய தலைக்குப் பின்னால், கழுத்துப் பகுதியில், புதிய தலை உருவாகிப் புடைத்துத் தெரிகிறது. இந்த ஒரு நாளில் நீளம் சற்றுக் குறைந்து காட்டுவது இயல்பு. பிறகு தலைக்குப் பின்னே தோல் வெடித்து, பாம்பு சட்டை உரிப்பதுபோலப் புழு முன்னோக்கி நகர்ந்து வெளியே வருகிறது. வெளிறிய நிறத்தில் சிறிது நேரம் ஓய்ந்திருந்துவிட்டு, தான் கழற்றிய தோலையே பெரும்பாலும் முதல் உணவாகத் தின்றுவிடுகிறது. அதன் பிறகுதான் இலைக்குப் போகிறது.

கறிவேப்பிலையில் நம் ஊரில் அடிக்கடி காணப்படுகிற எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி ஆகிய இரண்டு பட்டாம்பூச்சிகளின் புழுக்களும் இப்படி 4 முறை தோல் உரித்து 5 பருவங்களாக வளர்கின்றன. முதல் 4 பருவங்களிலும் பறவை எச்சம் விழுந்து காய்ந்ததுபோன்ற பழுப்பும் வெள்ளையுமான தோற்றம் இருக்கும். ஐந்தாம் பருவத்தில்தான் பச்சையாகிறது. ஆகவே நீளத்தை நாள்வாரியாகப் புள்ளியிட்டால், சாய்ந்த நேர்கோடு கிடைக்காது. ஏறி, நின்று, சில இடங்களில் ஓர் அடி பின்வாங்கி, மறுபடி ஏறுகிற படிக்கட்டுத்தான் கிடைக்கும். அந்தப் பிள்ளை எழுதிய 13 அத்தகைய ஒரு படியின் விளிம்பு. அதை 15 ஆக்கியபோது படிக்கட்டு சரிவாகிவிட்டது. புழு தோல் உரித்த செய்தியும் பலகையிலிருந்து மறைந்துவிட்டது.

இதை உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நானும் வகுப்பெடுத்த முதல் ஆண்டுகளில், பிள்ளைகளின் நோட்டில் குறைந்து வந்த எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டு ‘மீண்டும் அளக்கவும்’ என்று எழுதியிருக்கிறேன். ஒரு பையன் மறுபடி அளக்காமல், நான் விரும்பிய எண்ணை எழுதிக்கொண்டு வந்து காட்டினான். அவனைப் பொய் சொல்லப் பழக்கியது நான்தான் என்று உணர எனக்கு நெடுநாள் பிடித்தது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த மாணவியை வகுப்பின் முன் அழைத்து, பலகையில் உள்ள 15-ஐ அவள் கையாலேயே அழிக்கச் சொல்லி, 13 என்று திரும்ப எழுதச் செய்யுங்கள். திருத்தச் சொன்னது உங்கள் பிழை என்பதையும் எல்லோர் முன்னும் சொல்லுங்கள். காரணத்தை உடனே விளக்காமல், ‘அன்று புழு என்ன செய்துகொண்டிருந்திருக்கும்?’ என்ற கேள்வியை ஒரு நாள் விட்டுவையுங்கள். அடுத்த தோலுரிப்பை அவர்களே காத்திருந்து பிடிப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோல் உரிக்கும்போது பழைய தலையின் ஓடு மட்டும் தனியாகக் கழன்று விழும். தோலைத் தின்கிற புழு இந்த ஓட்டைப் பெரும்பாலும் விட்டுவிடும். வெள்ளைத் தாளைப் பெட்டியின் அடியில் விரித்து வைத்திருந்தால், எச்ச உருண்டைகளுக்கு நடுவே கடுகின் உமி போல, பளபளப்பான ஒரு சிறு கிண்ணம் கிடப்பதைக் கூர்ந்து பார்க்கும் பிள்ளை கண்டுபிடித்துவிடும். ஈரத் தூரிகையின் நுனியால் எடுத்து, செலோ டேப்பால் நோட்டில் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதச் சொல்லுங்கள். உடல் நீண்டும் சுருங்கியும் ஏமாற்றலாம், ஆனால் தலை ஓடு கடினமானது. ஒரு பருவம் முழுவதும் அதன் அகலம் மாறுவதில்லை, தோல் உரித்தால்தான் பெரிதாகிறது. ஹாரிசன் டையர் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் 1890-இல் பலவகைப் புழுக்களின் தலை அகலத்தை அளந்து, ஒவ்வொரு தோலுரிப்பிலும் அது ஏறக்குறைய ஒரே மடங்கில் பெருகுவதைக் காட்டினார். அந்த மடங்கு புழுவுக்குப் புழு மாறும். பெரும்பாலும் ஒன்றேகாலுக்கும் ஒன்றேமுக்காலுக்கும் இடையில் அமையும். 4 ஓடுகளையும் வரிசையாக ஒட்டி லென்ஸ் வழியே பார்க்கும்போது, அந்தப் பெருக்கத்தை மூன்றாம் வகுப்புப் பிள்ளை கணக்கே இல்லாமல் கண்ணால் கண்டுவிடுகிறது. மடங்கைக் கணக்கிடுவதை ஐந்தாம் வகுப்புக்கு விட்டுவிடலாம்.

கேள்வி: ஒரே புழுவை 5 பிள்ளைகள் அளந்தால் 5 விடை வருகிறது. ஒருவன் 22 என்கிறான், இன்னொருத்தி 26 என்கிறாள். இதில் எதைப் பலகையில் எழுதுவது? பார்வையிட வந்த அலுவலர் ஒருவர், ‘இவ்வளவு வேறுபாடு இருந்தால் இது என்ன அளவீடு?’ என்று கேட்டுவிட்டுப் போனார்.
(ஓர் ஆசிரியர், பாகூர்)

பதில்: ஐயா, அந்த அலுவலர் கேட்டது நல்ல கேள்வி. அதை நீங்கள் அப்படியே பிள்ளைகளிடம் கேட்டிருக்கலாம். 22-க்கும் 26-க்கும் நடுவே உள்ள 4 மி.மீ. எங்கிருந்து வந்தது என்று தேடுவதற்கு ஒரு முழுப் பாடவேளையைச் செலவிட்டாலும் தகும்.

முதலில் அளவுகோலைப் பாருங்கள். நம் பிள்ளைகள் கொண்டுவருகிற மர அளவுகோல்களிலும் பிளாஸ்டிக் அளவுகோல்களிலும் பூஜ்யக் கோட்டுக்கு முன்னால் சிறிது வெற்றிடம் இருக்கும். விளிம்பிலிருந்து அளக்கிற பிள்ளைக்கு எண் குறைந்து வரும். 1 என்று எழுதிய கோட்டிலிருந்து தொடங்குகிற பிள்ளைக்கு 10 மி.மீ. கூடிவரும், இந்தப் பிழை நீங்கள் நினைப்பதைவிட அதிகம். நுனி தேய்ந்த அளவுகோலும் சில பைகளில் இருக்கும். அடுத்தது கண். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் கோடு தள்ளித் தெரியும். நேர் மேலிருந்து பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தாலும், புழு சும்மா இருக்காது. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் நீண்டு சுருங்குகிறது. அளவுகோலைக் கிட்டே கொண்டுபோனால் பயந்து தலையை உள்ளிழுத்துக்கொள்கிறது. இந்த வகைப் புழுக்கள் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் கவட்டை போன்ற ஓர் உறுப்பை வெளியே நீட்டி ஒரு நெடியையும் வீசும். அதைப் பார்த்ததும் பிள்ளைகள் கூச்சலிடுவார்கள், புழு இன்னும் சுருங்கும். அப்படிப்பட்ட நேரத்தில் எடுத்த எண்ணை அளவாகக் கொள்ள முடியாது. இலையில் ஓய்ந்திருக்கும்போது மட்டும் அளப்பது என்று வகுப்பில் ஒரு விதி செய்துகொள்ளுங்கள்.

நான் கையாண்ட முறைகள் இரண்டு. மில்லிமீட்டர்க் கட்டம் போட்ட வரைபடத்தாளைத் தட்டையாக வைத்து, அதன் மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடியை வைத்து, புழு இருக்கும் இலையை அப்படியே அதற்குள் இறக்குவது ஒன்று. புழு தானாக இலையை விட்டு மூடியில் இறங்கி நின்றதும், தலை எந்தக் கட்டத்தில், வால் எந்தக் கட்டத்தில் என்று எண்ணிவிடலாம். புழுவைத் தொட வேண்டியதில்லை. மற்றொன்று நூல். புழு வளைந்து கிடந்தால் அளவுகோல் பயன்படாது. தையல் நூலை அதன் உடலோரமாக, மேலே படாமல், வளைவுக்கு ஏற்ப வைத்து, இரு முனையையும் நகத்தால் பிடித்துக்கொண்டு அளவுகோலில் நீட்டிப் பார்க்க வேண்டும். கம்பளி நூல் இழுபடும், வேண்டாம். ஒரு பெண் பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு, நூலின் இரு முனைகளையும் இரு கட்டைவிரல் நகங்களில் பிடித்தபடி மேசையிலிருந்து பலகை வரை நடந்து வந்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வழியில் யாரும் அவள்மேல் மோதிவிடக் கூடாதென்று மற்ற பிள்ளைகள் இரு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள்.

எந்த எண்ணை எழுதுவது என்று கேட்டீர்கள். 5 பேரும் தாம் அளந்ததை மற்றவருக்குக் காட்டாமல் ஆளுக்கொரு சீட்டில் எழுதட்டும். பிறகு சிறிய எண்ணிலிருந்து பெரிய எண் வரை வரிசையாக நிற்கட்டும். நடுவில் நிற்பவரின் சீட்டில் உள்ளதே அன்றைய அளவு. 22, 23, 24, 24, 26 என்று வந்தால் 24. கூட்டி வகுக்கத் தெரியாத வயதிலும் இது நடக்கும். ஒருவர் பெரிதாகத் தவறு செய்தாலும் நடு எண் அசையாது. மற்ற 4 சீட்டுகளையும் கிழித்துப் போடாமல் அன்றைய தேதியிட்டு ஒரு உறையில் வையுங்கள். அவை முதல் வாரத்தில் எவ்வளவு சிதறிக் கிடந்தன, மூன்றாம் வாரத்தில் எவ்வளவு நெருங்கி வந்தன என்பதை அடுத்த முறை வரும் அலுவலரிடம் காட்டலாம். பிள்ளைகளின் கை தேறியிருப்பதற்கு அதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். பள்ளியில் புழு வளர்க்கிறார்கள் என்று சொன்னதிலிருந்து வீட்டு முருங்கை மரத்தில் உள்ள கம்பளிப்பூச்சியைப் பிடிக்கப் போகிறான். ஆபத்தில்லையா?
(ஒரு தாய், அரியாங்குப்பம்)

பதில்: அம்மா, கம்பளிப்பூச்சியைத் தொடவே விடாதீர்கள். மழைக்காலத்தில் முருங்கை அடிமரத்தில் கூட்டங்கூட்டமாக அப்பியிருக்கும் அந்தப் புழுவின் மயிர்கள் தோலில் பட்டால் தடிப்பும் அரிப்பும் உண்டாகும்; கண்ணில் பட்டால் இன்னும் கெடுதல். வகுப்பறைக்கு மயிர் உள்ள புழு எதுவுமே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

எருக்கஞ்செடியில் கருப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட அழகான புழு ஒன்று இருக்கும். அது வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சியின் புழு. புழுவினால் கையில் அரிப்பு வராது. ஆனால் அதற்கு இலை பறிக்கும்போது வடிகிற எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே தீங்கு வரலாம். அதனால் சிறு பிள்ளைகளிடம் அதையும் கொடுப்பதில்லை. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை ஆகியவற்றில் உள்ள மொழுமொழுப்பான புழுவே போதும். பார்த்து முடித்ததும் மகனைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

இலை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஒருமுறை எங்கள் வீட்டுச் செடியில் இலை தீர்ந்துபோனதால், சந்தையில் வாங்கிய கறிவேப்பிலைக் கொத்தைக் கழுவிப் புழுக்களுக்குப் போட்டேன். மறுநாள் காலை பிள்ளைகள் வந்து பார்த்தபோது எல்லாம் துவண்டு கிடந்தன. விற்பனைக்கு வளர்க்கும் செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பார்கள் என்பதை நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அன்று பிள்ளைகளுக்கு நான் சொல்லிய விளக்கம் எதுவும் அவர்களைத் தேற்றவில்லை. மருந்தடிக்காத வீட்டுச் செடி அருகில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே புழுவைக் கொண்டுவர வேண்டும்.

கேள்வி: பாதியில் மழை விடுமுறை விட்டுவிடுகிறார்கள். 3 நாள் அளவு விடுபட்டுப் போகிறது. அந்த இடங்களில் என்ன எழுதுவது?
(ஓர் ஆசிரியை, கடலூர் முதுநகர்)

பதில்: ஒன்றும் எழுத வேண்டாம். வடகிழக்குப் பருவமழை பெய்கிற அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் நம் பக்கத்தில் கறிவேப்பிலை துளிர்விட்டுப் புழுக்களும் நன்றாகக் கிடைக்கும். ஆட்சியர் விடுமுறை அறிவிப்பதும் அந்த மாதங்களில்தான். ஆகவே உங்கள் நோட்டில் இடைவெளி விழுவதைத் தவிர்க்க முடியாது. வெள்ளிக்கிழமை 18, செவ்வாய்க்கிழமை 27 என்றால், நடுவில் 20, 22, 25 என்று நிரப்பத் தோன்றும். பிள்ளைகளும் அழகாக நிரப்பித் தருவார்கள். ஆனால் அந்த நாட்களில்தான் புழு ஒரு தோலை உரித்திருக்கலாம், ஒரு நாள் சுருங்கியும் இருக்கலாம். பார்க்காத நாளுக்குக் கோடு மட்டும் போட்டு, ‘மழை விடுமுறை’ என்று எழுதினால் போதும்.

வரைபடம் போடும்போது மட்டும் கவனம் வேண்டும். அளந்த நாட்களை மட்டும் அடுத்தடுத்துக் குறித்தால், வெள்ளியும் செவ்வாயும் பக்கத்துப் பக்கத்து நாட்கள் போலாகி, புழு ஒரே இரவில் பாய்ந்து வளர்ந்ததாகத் தெரியும். விடுபட்ட 3 நாட்களுக்கும் அடிக்கோட்டில் உரிய இடம் விட்டே தீர வேண்டும்.

விடுமுறையில் புழுவை யாராவது வீட்டுக்கு எடுத்துச் செல்லத்தான் வேண்டும். காற்றுப் போக ஓட்டையிட்ட பெட்டியில், கொசுவலைத் துணி கட்டி, இலைக்கொத்தோடு கொண்டுபோகலாம். கொத்தின் காம்பைச் சிறு மருந்துப் புட்டித் தண்ணீரில் நிறுத்தினால் இலை வாடாது. புட்டியின் வாயைப் பஞ்சால் அடைக்காவிட்டால் புழு தண்ணீரில் இறங்கி இறந்துவிடும். எடுத்துச் சென்றவர் அளந்தால், ‘வீட்டில் அளந்தது’ என்று தனியே குறிக்கட்டும். குளிர்ந்த மழைநாளில் புழுவின் வளர்ச்சி மெதுவாகும் என்பதால், எண்ணுக்குப் பக்கத்தில் ‘வெயில்’, ‘மழை’ என்று எழுதி வைப்பதும் பின்னால் உதவும்.

கேள்வி: நீளத்தைவிட எடையை அளப்பது நல்லதா? எங்களிடம் சமையலறைத் தராசு இருக்கிறது.
(ஓர் ஆசிரியர், நெல்லிக்குப்பம்)

பதில்: எடைதான் வளர்ச்சியை உண்மையாகச் சொல்லும். ஆனால் சமையலறைத் தராசு ஒரு கிராம் ஒரு கிராமாகவே காட்டும். இளம்புழுவை அதில் வைத்தால் பூஜ்யம் என்றே நிற்கும். ‘எங்கள் புழுவுக்கு எடையே இல்லை’ என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். நகை நிறுக்கிற, கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டுகிற சிறு தராசு யாரிடமாவது இரவல் கிடைத்தால், புழு நன்றாகப் பருத்த பிறகு நிறுக்கலாம். பெட்டியோடு நிறுத்து, வெறும் பெட்டியின் எடையைக் கழிப்பதைப் பிள்ளைகளே செய்ய வேண்டும்.

தராசு கிடைக்காவிட்டாலும் வழி உண்டு. ஒரு தீப்பெட்டியை மேசையில் வையுங்கள். இதைப்போல் நீளத்திலும் அகலத்திலும் உயரத்திலும் இரண்டு மடங்காக ஒன்றைக் கட்ட எத்தனை தீப்பெட்டி வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு என்பார்கள், நான்கு என்பார்கள். அடுக்கிப் பார்த்தால் 8 வரும். முட்டையிலிருந்து வந்தபோது 3 மி.மீ. இருந்த புழு 36 மி.மீ. ஆகும்போது நீளம் 12 மடங்குதான். உடல் வடிவம் மாறாமல் எல்லாப் பக்கமும் அதே அளவில் பருத்திருந்தால், அதன் பருமன் 12-ஐ 12-ஆல் பெருக்கி மறுபடி 12-ஆல் பெருக்க வருகிற 1728 மடங்கு. பட்டுப்புழு ஏறக்குறைய 25 நாளில் தன் எடையைப் பத்தாயிரம் மடங்காகப் பெருக்கிக்கொள்கிறது என்று பட்டு வளர்ப்போர் சொல்வது இதனால்தான் நம்பக்கூடியதாகிறது. அளவுகோலை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்த வியப்பு பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடும்.

தின்ற இலையையும் அளக்கலாம். கறிவேப்பிலையின் ஓர் இணுக்கைக் கொடுப்பதற்கு முன் வரைபடத்தாளில் ஒவ்வோர் இலையையும் சுற்றிக் கோடு வரைந்து, மறுநாள் எஞ்சியதை அதே இடத்தில் வைத்துப் பார்த்தால், எத்தனை கட்டம் காணாமல் போயிற்று என்று எண்ணிவிடலாம். பட்டுப்புழு தன் வாழ்நாளில் தின்கிற மல்பெரி இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடைசிப் பருவத்தில்தான் தின்கிறது. உங்கள் புழுவும் பச்சையாக மாறிய பிறகு இலைக்கு அலைய வைக்கும். முன்கூட்டியே அக்கம்பக்கத்து வீடுகளில் சொல்லி வையுங்கள்.

கேள்வி: வள்ளலார் ஜீவகாருண்யம் போதித்த மண்ணில் வாழ்கிறோம். உயிருள்ள ஒன்றைப் பெட்டியில் அடைத்து, நாள்தோறும் துன்புறுத்தி அளக்கச் சொல்லிக் கொடுப்பது முறையா?
(ஒரு முதியவர், வடலூர்)

பதில்: ஐயா, தங்கள் கேள்வியை வணங்கி ஏற்கிறேன். அளப்பது துன்புறுத்தலாக மாறக்கூடியதுதான். விரலால் கிள்ளி எடுத்து அளவுகோலில் வைத்து நேராக்கப் பார்க்கும் வகுப்பையும் நான் கண்டிருக்கிறேன். அதைவிட அந்தப் பாடத்தை நடத்தாமல் இருப்பதே மேல். குறிப்பாக, தோல் உரிக்க ஒட்டியிருக்கும் புழுவைப் பிய்த்து எடுத்தால் அதன் பிடிப்பு அறுந்துபோகும். பழைய தோல் பட்டு மெத்தையில் மாட்டியிருந்தால்தான் அதை விட்டுப் புழு வெளியேற முடியும். பிடிப்பு போனால் தோலில் சிக்கியே இறக்க நேரும். ஆகவே அது அசையாமல் இருக்கும் நாளில் இலையோடு வைத்தே, தொடாமல், தோராயமாக அளந்தால் போதும்.

ஒரு வகுப்புக்கு 3 புழுக்களுக்கு மேல் வேண்டாம் என்பதும், எந்தச் செடியில் எடுத்தோமோ அந்த இடத்திலேயே பட்டாம்பூச்சியை விட வேண்டும் என்பதும் என் கொள்கை. செடியில் இருக்கும் புழுக்களில் பலவற்றைக் குளவியும் ஈயும் எறும்பும் பறவையும் கொண்டுபோய்விடுகின்றன. சில ஒட்டுண்ணிக் குளவிகள் புழுவின் உடலுக்குள்ளேயே முட்டையிட்டுவிடும். பட்டாம்பூச்சியை எதிர்பார்த்திருக்கும் பிள்ளைகள் முன் குளவி வெளியே வருவதும் உண்டு. அதையும் நான் மறைப்பதில்லை.

தங்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். முதல் நாள் ‘ச்சீ’ என்று பின்வாங்கிய பிள்ளை, பத்து நாள் அளந்த பிறகு, விளையாடப் போகும் முன் பெட்டியில் இலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவதை நான் ஒவ்வோர் ஆண்டும் கண்டிருக்கிறேன். செடியில் புழுவைக் கண்டால் நசுக்குகிற பழக்கம் அந்தப் பிள்ளையிடம் அதன்பின் இருப்பதில்லை.

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் புழு 38 மி.மீ. வரை வளர்ந்தது. இரண்டு நாளாக இலை தின்னவில்லை. நேற்று தண்ணீராகக் கழிந்தது. இன்று 30 மி.மீ. தான் இருக்கிறது. நிறமும் மங்கிவிட்டது. செத்துவிடுமா? நான் இன்னும் அளக்கலாமா?
(ஒரு மாணவன், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: தம்பி, உன் கடிதம் வந்த அன்றே உனக்கு அஞ்சலட்டையில் பதில் எழுதிவிட்டேன். உன்னைப் போல் பயந்துபோன பிள்ளைகள் வேறு பலரும் இருப்பார்கள் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். உன் புழுவுக்கு நோய் இல்லை. அது கூட்டுப்புழுவாக மாறப் போகிறது. அதற்கு முன்னால் வயிற்றில் இருப்பதையெல்லாம் வெளியேற்றிவிட்டு, இடம் தேடிச் சிறிது நேரம் அலைந்து, பிறகு அடங்கிச் சுருங்கிவிடும். 38 என்று எழுதிய நீ 30 என்றும் தைரியமாக எழுது. அது நீ அளந்த எண்களிலேயே மிக முக்கியமானது.

இன்றிலிருந்து தொடாதே. பெட்டிக்குள் ஒரு குச்சியைச் சாய்வாக வைத்துவிடு. புழு தன் வால் நுனியை அதில் பட்டு இழையால் ஒட்டிக்கொண்டு, முதுகைச் சுற்றி ஓர் இழையைக் கட்டி, தென்னை ஏறுபவர் இடுப்புக் கயிற்றில் சாய்ந்திருப்பதுபோலச் சாய்ந்து நிற்கும். அந்த இழை அறுந்தால் கூடு கீழே விழுந்துவிடும். ஓரிரு நாளில் கடைசித் தோலும் கழன்று கூட்டுப்புழு தெரியும். அது பச்சையாகவும் இருக்கலாம், குச்சியின் நிறத்தில் பழுப்பாகவும் இருக்கலாம். அது இறுகிய பிறகு ஒரே ஒரு முறை, தொடாமல், அளவுகோலைப் பக்கத்தில் பிடித்து நீளம் பார்த்து எழுது. அதன் பிறகு நீளம் மாறாது. நாள்தோறும் அளக்க வேண்டியதில்லை. நிறத்தை மட்டும் எழுதிக்கொண்டு வா.

நம் ஊர் வெப்பத்தில் பெரும்பாலும் 8 முதல் 14 நாளுக்குள் பட்டாம்பூச்சி வெளியே வரும். அதற்கு முதல் நாள் கூட்டின் மேல்தோல் கண்ணாடிபோலாகி, உள்ளே இறக்கையின் கருமையும் புள்ளிகளும் தெரியும். அப்படித் தெரிந்தால், மறுநாள் பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே போய் உட்கார்ந்துகொள். வெளியே வரும்போது இறக்கை கசங்கிய துணிபோல இருக்கும். அது விரிந்து காய்ந்து பறக்கத் தயாராக ஓரிரு மணி நேரம் ஆகும், அதுவரை அதை எடுக்காதே. மழை பெய்தால் நின்ற பிறகு விடு. நோட்டில் ‘நீளம்’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, வெளியே வந்த மணியையும் நிமிடத்தையும் எழுது.